கரும்பலகையில் பேசியவர்கள்

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையிலும், பூந்தமல்லிக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியும், அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகும் வழியிலும் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் வரிசையாக எழும்பியிருக்கும் பொறியியற் கல்லூரிகளில், இறுதியாண்டு வகுப்புகள் தொடங்கிக் கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வரும் மாதங்கள் நெருங்கிவிட்டால், அதுவரை கலகலப்பாகத் திரிந்த பிள்ளைகளின் முகங்களில் ஒரு விசாரம் வந்து குடிகொண்டுவிடுகிறது. கணிதத்தில் தேறியவர்கள், இயந்திரவியலில் தேறியவர்கள், அரியர் ஒன்றுகூட இல்லாமல் ஆறு பருவங்களைக் கடந்தவர்கள், எழுத்துத் தேர்வாகிய முதற்சுற்றையும் சிரமமின்றித் தாண்டியவர்கள், 'ஜி.டி.' என்று அவர்கள் சுருக்கமாகச் சொல்லும் குழு விவாதத்துக்கு வட்டமாக உட்கார்த்தி வைக்கப்பட்டதும், அல்லது 'ஹெச்.ஆர்.' சுற்றில் மேஜைக்கு அப்பால் இருப்பவர் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டதும், நா எழாமல் திகைத்துப் போகிறார்கள். வெளியே வந்தபின் அவர்கள் சொல்லும் வார்த்தை கல்லூரிக்குக் கல்லூரி மாறுவதில்லை: "எல்லாம் தெரியுது சார், வாய்லதான் வரமாட்டேங்குது."

இதைச் சோம்பேறியின் சாக்கு என்று ஒதுக்கிவிடுவது சுலபம், ஒதுக்குகிறவர்களும் அநேகர். சற்றே நிதானித்து யோசித்தால் அந்த வார்த்தையில் அசத்தியம் எதுவும் இல்லை என்பது விளங்கும். பள்ளிப் பருவம் முழுவதும் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்து வந்தவன், பொறியியற் பாடநூல்களை அம்மொழியிலேயே வாசித்துப் பரீட்சை எழுதித் தேறியவன், கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டுப் பெரும்பாலும் புரிந்துகொள்கிறவன், அம்மொழியை அறியாதவன் என்று எவ்வாறு சொல்வது? தனியே, கதவைச் சாத்திக்கொண்டு, தன் அறிமுக வாசகங்களை அவன் தடையின்றிச் சொல்லிப் பார்க்கிறான். எதிரே ஒரு மனிதர் வந்து உட்கார்ந்த மாத்திரத்தில் அவை கலைந்து போகின்றன. குறை மொழியறிவில் இருப்பதாகக் கொண்டு அவனுக்கு இன்னுமோர் இலக்கணப் புத்தகத்தை வாங்கிக் கொடுப்பதால் ஆவது என்ன? அவனுடைய அச்சமெல்லாம் தான் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடத்தில். அந்தக் கேட்பவரை அவ்வளவு பயங்கரமானவராக ஆக்கியது எது என்பதைத்தான் நாம் விசாரிக்க வேண்டும்.

இந்தப் பயத்தைச் சாஸ்திரீயமாக அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எலைன் ஹார்விட்ஸும் அவருடைய சகாக்களும் ஆவர். 1986ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட அளவுகோலில் 33 வாசகங்கள் உண்டு. பெயர் சொல்லி அழைக்கப்படும்போது உண்டாகும் நடுக்கம், மற்றவர்கள் தன்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள் என்னும் எண்ணம், சிரித்துவிடுவார்களோ என்னும் சங்கோசம் ஆகிய ஒவ்வொன்றையும் மாணவர் தம் அனுபவத்தோடு ஒப்பிட்டு முற்றிலும் ஆம் என்பது முதல் முற்றிலும் இல்லை என்பது வரை ஐந்து படிகளில் மதிப்பிட வேண்டும். பிறரோடு சம்பாஷிப்பதில் உள்ள தயக்கம், பரீட்சை பயம், பிறர் தன்னைத் தாழ்வாக எடைபோடுவார்களோ என்னும் அச்சம் ஆகிய மூன்றோடும் தொடர்புடையதாயினும், அவற்றின் வெறும் கலவையாக இல்லாமல், அந்நிய மொழி கற்பதற்கே உரிய தனிப்பட்ட அச்சம் இது என்பது அவர்கள் கருத்து. இதில் நம் பிள்ளைகள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அந்த அளவுகோலை வைத்து அவர்கள் பரிசோதித்த 75 பேரும் ஸ்பானிய மொழியின் ஆரம்ப வகுப்புகளில் சேர்ந்திருந்த அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். எவருடைய ஆங்கிலத்தைக் கேட்டு அம்பத்தூர் மாணவன் மிரளுகிறானோ, அவர்களே வேறொரு பாஷையைப் பேச எழுந்து நின்றபோது உள்ளங்கை வியர்த்தவர்கள்தாம்.

பயம் வரும்போது மனம் இரண்டாகப் பிளவுபடுகிறது. ஒரு பகுதி சொல்ல வேண்டியதைத் தேடிக்கொண்டிருக்க, மற்றொரு பகுதி, கேட்பவரின் புருவம் எப்படி நெளிகிறது, சற்றுமுன் சொன்ன வினைச்சொல் இறந்தகாலமா நிகழ்காலமா என்று கண்காணித்துக்கொண்டிருக்கிறது. சொற்களைச் சில நொடிகள் ஏந்தி வைத்திருந்து வாக்கியமாகக் கோக்க வேண்டிய நினைவாற்றலின் பெரும்பங்கை இந்தக் கண்காணிப்பே விழுங்கிவிடுவதால், தெரிந்த சொல்லும் அகப்படாமற் போகிறது. தெரியும், வாயில் வரவில்லை என்று மாணவன் சொல்லுவது இந்த நிலையைத்தான்.

அமெரிக்க மாணவனுக்கும் நம் மாணவனுக்கும் உள்ள வித்தியாசத்தையும் மறைக்கலாகாது. ஸ்பானிய வகுப்பில் திணறியவனுக்கு மதிப்பெண் குறையும். அதோடு விஷயம் முடிந்தது. இங்கே தோற்பவனுக்கு வேலை போகிறது. 'முதல் பட்டதாரி' என்று சான்றிதழ் வாங்கிக் கல்லூரியில் நுழைந்த பிள்ளைகள், கடைசல் பட்டறையில் நாள் முழுவதும் நின்று உழைக்கும் தகப்பனாருக்கும், ஆயத்த ஆடைக் கம்பெனிக்கு விடியற்காலையில் வேன் ஏறிப் போகும் தாயாருக்கும் பிறந்த பிள்ளைகள், அந்த அறைக்குள் தனியாகப் போவதில்லை. தங்கள் குடும்பத்தையும் கூட அழைத்துக்கொண்டுதான் போகிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பயின்றவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கி, அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் ஏற்பாடு 2021ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபின், தமிழ் வழியிற் படித்துவிட்டு நேரே இந்தக் கல்லூரிகளின் படியேறும் பிள்ளைகளின் தொகை பெருகியிருக்கிறது. நெடுங்காலம் மூடியிருந்த வாசல் திறந்தது பெரிய சந்தோஷம். உள்ளே வந்தவர்களை முதல் நாளன்றே ஆங்கிலத்தில் எழுந்து நின்று அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வதுதான் நான்கு ஆண்டு மௌனத்துக்கு அஸ்திவாரமாகிவிடுகிறது.

வாயை மூடப் பழக்கிய பள்ளி

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த எவருக்கும் அந்தக் கரும்பலகை ஞாபகமிருக்கும். ஆசிரியர் வெளியே போகும்போது வகுப்புத் தலைவனை அழைத்துச் சாக்குக்கட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அவன் பலகையின் ஒரு மூலையில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டு, வாய் திறந்தவர்களின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவான். இரண்டாம் முறை பேசியவனுடைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கற்குறி விழும். ஆசிரியர் திரும்பி வந்ததும் அந்தப் பட்டியலின்படி தண்டனை நடக்கும். கையைக் கட்டு, வாயைப் பொத்து என்பதே நல்லொழுக்கத்தின் முதற்பாடமாக இருந்துவந்திருக்கிறது. நாற்பது ஐம்பது குழந்தைகளை ஓர் அறையில் வைத்துக்கொண்டு திண்டாடும் ஆசிரியரை இதற்காக நிந்திப்பதற்கில்லை. அவருக்கும் வேறு உபாயம் எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுக் காலம் பேச்சைக் குற்றமாகப் பாவித்து வளர்த்துவிட்டு, பதின்மூன்றாவது ஆண்டில் ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று அதே பிள்ளையைக் கேட்பதும், அதையும் அந்நிய பாஷையில் பேசு என்பதும் நியாயமாகுமா?

அந்தப் பள்ளிகளில் ஆங்கிலம் வாயால் உச்சரிக்கப்படவே இல்லை என்பதுமில்லை. ஆசிரியர் உள்ளே நுழைந்ததும் வகுப்பு முழுவதும் எழுந்து நின்று, 'குட் மார்னிங் சார்' என்று ராகம் போட்டு இழுக்கிறது; பாடத்தின் வாக்கியங்களை ஆசிரியர் சொல்லச் சொல்ல, ஐம்பது குரல்கள் ஒரே குரலாக அவற்றைத் திருப்பிச் சொல்கின்றன. கூட்டத்தில் ஒருவனாக இருக்கும்வரை எவனுக்கும் அச்சமில்லை. அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பிள்ளையை மட்டும் எழுப்பி, அதே வாக்கியத்தைத் தனியே சொல்லச் சொல்லுங்கள். ஒரு நிமிஷத்துக்கு முன்பு ஓங்கி ஒலித்த குரல் தொண்டைக்குள் அமிழ்ந்துவிடும்.

தமிழிலேனும் அந்தப் பிள்ளை தாராளமாகப் பேசுகிறதா என்று பாருங்கள். வீட்டில் பேசும் தமிழ் வேறு, மேடையில் எதிர்பார்க்கப்படும் தமிழ் வேறு. ஆண்டு விழாவில் நன்றியுரை சொல்ல வந்த மாணவி ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வருகிறாள். நடுவில் ஒரு சொல் மறந்தால் அத்துடன் உரை நின்றுவிடுகிறது. மனத்தில் தோன்றியதைத் தோன்றிய வண்ணம் நாலு பேர் முன்னிலையில் சொல்லும் பழக்கத்தை எந்தப் பாஷையிலும் நாம் கற்பிப்பதில்லை. இதை ஆங்கிலத்தின் குற்றம் என்று மட்டும் சொல்வது பாதி உண்மையே. சபைக் கூச்சம் பழைய நோய். வள்ளுவர் அமைச்சியலின் முடிவில், 73ஆம் அதிகாரத்தை 'அவை அஞ்சாமை' என்று இதற்கென்றே ஒதுக்கினார். கற்றும் அவைக்கு அஞ்சுகிறவர்களைப் பற்றி அவர் அங்கே கூறுவது மிகக் கடுமையானது. அரசனுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பை ஏற்றவர்களைக் குறித்து அவர் பேசினார் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளையிடம் அந்தக் கடுமையைக் காட்ட நமக்கு உரிமையில்லை.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் சங்கடமானது. சத்தமாகப் பேசாதே, எதிர்த்துப் பேசாதே என்று வீட்டில் எப்போதும் கேட்டு வளர்ந்தவளிடம், ஜி.டி.யில் மற்றவன் பேச்சை இடைமறித்துத் தன் கருத்தை நிலைநாட்டவில்லை என்று மதிப்பெண் குறைக்கிறார்கள்.

எஸ்டேட்டில் கேட்கும் பாஷைகள்

இதே பிரதேசத்தில், இந்தக் கல்லூரிகளுக்கு வெகு அருகில், முற்றிலும் மாறான ஒரு காட்சியைத் தினந்தோறும் காணலாம். 1964ஆம் ஆண்டில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இங்குள்ளவர்கள் 'எஸ்டேட்' என்று மட்டுமே சொல்லும் அந்தப் பரந்த பகுதியில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தொழிற்கூடங்கள் இயங்குகின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் அவற்றில் பெருவாரியாக வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவன் டீக்கடைக்கு வந்து, "அண்ணா, டீ ஒண்ணு, சக்கரை கம்மி" என்று கேட்கிறான். உச்சரிப்பு புதிது, இலக்கணம் பாதி. டீ சரியாக வருகிறது. உள்ளே, சூப்பர்வைசராக இருக்கும் தமிழர், பள்ளியில் ஓர் எழுத்துகூடப் படித்தறியாத இந்தியில், "ஏ மால் உதர் ரக்கோ" என்று கைகாட்டுகிறார்; பொருள் நகர்கிறது. தவறாகப் பேசினால் யாரேனும் சிரிக்கலாம். பேசியவனும் சேர்ந்து சிரிக்கிறான். அடுத்த வாரம் அந்தச் சொல் திருத்தமாக வந்துவிடுகிறது. ஆவடியில் 1965ஆம் ஆண்டு முதல் விஜயந்தா டாங்கிகளைச் செய்து அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் இதே கதைதான். பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அண்டை வீட்டாரோடு பழகியே ஒருவர் பாஷையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரே வீட்டில், எஸ்டேட்டில் டர்னர் வேலை செய்யும் அண்ணன் இந்தியில் தைரியமாக அதிகாரம் செய்கிறார். கல்லூரியில் படிக்கும் தம்பி, அதைவிடப் பத்து மடங்கு நன்றாகத் தெரிந்த ஆங்கிலத்தில், தன் பெயரைச் சொல்லவே தடுமாறுகிறான். அண்ணனுக்கு முன்னால் நகர்த்த வேண்டிய ஒரு சரக்கு இருக்கிறது. தம்பிக்கு முன்னால் இருப்பது அவனுடைய மதிப்பு. அண்ணன் பேச்சின் பயன் வேலை முடிந்ததா என்பதில் தெரிந்துவிடும். தம்பி பேசினால் அது எந்தக் காரியத்துக்கும் பிரயோஜனப்படப் போவதில்லை; பேச்சு எப்படி இருந்தது என்று பார்ப்பதற்காகவே பேசச் சொல்கிறார்கள். இந்த வித்தியாசத்தில்தான் பயத்தின் வேர் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆங்கிலம் நம்மிடம் இப்படி ஒரு தராசாக மாறியதற்குச் சரித்திரம் உண்டு. கும்பினிக் காலத்தில் பூந்தமல்லி படைகளின் பாசறையாக இருந்தது. வெள்ளைக்கார வீடுகளிலும் பாசறைகளிலும் ஊழியம் செய்த சமையற்காரர்களும் பட்லர்களும், இலக்கணப் புத்தகத்தைக் கண்ணாலும் பாராமல், வினைச்சொற்களை ஒடித்தும் மடக்கியும் ஓர் ஆங்கிலத்தைப் பேசிச் சென்னையில் ஜீவனம் நடத்தினார்கள். அந்தப் பேச்சை 1891ஆம் ஆண்டில் ஹூகோ ஷூகார்ட் என்னும் ஐரோப்பிய மொழியியல் அறிஞர் மரியாதையோடு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். நம்மவர்களோ அதை இழிவுச் சொல்லாக்கினார்கள். புத்தகத்தில் ஆங்கிலம் பயின்று உத்தியோகம் தேடிய வகுப்பாருக்கு, தாம் பட்லரைப் போலப் பேசிவிடக் கூடாதே என்னும் அச்சம் பிடித்துக்கொண்டது. 'பட்லர் இங்கிலீஷ்' என்னும் ஏளனம் இன்றைக்கும் வழக்கில் இருக்கிறது. பிழையான ஆங்கிலம் பிழையாக மட்டும் கருதப்படாமல் பிறப்பையும் அந்தஸ்தையும் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகக் கருதப்படலாயிற்று. கணித மேதை ராமானுஜன், 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்து, ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தவறியதால் உபகாரச் சம்பளத்தை இழந்ததும், 1918இல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினராக அதே ஆங்கில தேசத்தில் கௌரவிக்கப்பட்டதும் இந்தத் தராசின் யோக்கியதையைக் காட்டும்.

ஆவடிக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 1955 ஜனவரியில், சோஷலிச பாணிச் சமுதாயம் என்னும் கொள்கையை அறிவித்த காங்கிரஸ் மகாசபை ஆவடியில்தான் கூடியது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் காமராஜர். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் பிற்காலத்தில் அகில இந்தியக் காங்கிரசுக்கே தலைவரானார். இரண்டு பிரதம மந்திரிகளைத் தேர்ந்தெடுப்பதில் அவருடைய வார்த்தையே முக்கியமாக இருந்தது. பிரதமர் பதவி தம்மைத் தேடி வந்தபோது, இந்தியும் ஆங்கிலமும் தமக்குச் சரளமாக வராது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி அவர் விலகினார் என்று அக்காலத்து அரசியலை எழுதியவர்கள் பலர் குறித்திருக்கிறார்கள். அத்தகைய திடசித்தமுள்ள மனிதரே கணக்கில் கொண்ட ஒரு தடையை, இருபத்தொரு வயதுப் பையன் துச்சமாக மதிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு அநீதி!

இத்தனைக்கும் மேலே, தோழர்களின் ஏளனம் வேறு. எவனாவது துணிந்து விடுதியில் நாலு வாக்கியம் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தால், "டேய், பீட்டர் விடாதடா" என்கிறார்கள். பேசாவிட்டால் கம்பெனிக்காரர் நிராகரிக்கிறார். பேசிப் பழகினால் நண்பன் நகைக்கிறான். பயிற்சிக்குரிய இடமே இல்லாத ஒரு வித்தையில் தேர்ச்சியை மட்டும் எதிர்பார்க்கிறோம். குரல்வழிச் சேவை செய்யும் அலுவலகங்களில் 'எம்.டி.ஐ.' என்று ஒரு குறை சொல்லப்படுகிறது; தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் தெரிகிறது என்பதே அந்தக் குற்றச்சாட்டு. ஸ்காட்லாந்துக்காரர் ஆங்கிலத்தில் ஸ்காட்லாந்தின் சாயல் தெரிவதை எவரும் நோயாகக் கொள்வதில்லை. பொருள் தெளிவாக விளங்கும்வரை தமிழனுடைய ஆங்கிலத்தில் தமிழ் ஒலிப்பதை நோயாகக் கொள்வதற்கும் முகாந்திரம் இல்லை.

சென்னையில் நடந்த ஒரு பரிசோதனை

ஆங்கிலம் கற்பிக்கும் முறையைச் சீர்திருத்த இந்த ராஜ்யத்தில் முயற்சி நடக்காமல் இல்லை. 1959ஆம் ஆண்டில் சென்னை அரசு பிரிட்டிஷ் கவுன்சிலின் உதவியோடு ஒரு பெரிய இயக்கத்தைத் தொடங்கியது. முதலில் ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி தருவது, அவர்கள் போய் மற்றவர்களைப் பயிற்றுவிப்பது, இவ்வாறு பெருகிப் பெருகிச் சுமார் 27,000 ஆரம்ப ஆங்கில ஆசிரியர்களை எட்டுவது என்பது திட்டம். 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்ற பெயரில் அது வெளிநாடுகளிலும் பேசப்பட்டது. வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஆசிரியர் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்லி மனத்தில் பதிய வைப்பது அக்காலத்து முறை. அத்தனை ஆசிரியர்களைத் திரட்டிய அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் வகுப்பு ஒரே குரலில் பாடும் பழக்கம் அதனால் வலுப்பட்டதே ஒழிய, தனிக் குரலுக்குத் துணிவு பிறக்கவில்லை.

அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு என்னும் அறிஞர் வேறொரு வழியில் சிந்தித்தார். 1979 முதல் 1984 வரை, பெங்களூரிலும் சென்னையிலும் கடலூரிலுமாகச் சில சாதாரணப் பள்ளிகளில் அவரும் அவருடைய தோழர்களும் நடத்திய பரிசோதனை, உலகெங்கும் மொழி கற்பிப்பவர்களால் இன்று பெயர் சொல்லி நினைக்கப்படுகிறது. நம் ஊரில்தான் அதை அறிந்தவர் சிலர். அவருடைய எண்ணத்தின் சாரம் இது: மாணவனுடைய கவனம் மொழியின் வடிவத்தில் இல்லாமல் பொருளில் ஆழ்ந்திருக்கும் வேளையில்தான் மொழி அவனுக்குள் இறங்குகிறது. ஆகவே அந்த வகுப்புகளில் இலக்கணமும் இல்லை, திருப்பிச் சொல்லுதலும் இல்லை. ஒரு ரயில் கால அட்டவணையை எடுத்துக்கொள்வார்கள். ஊர் வரைபடத்தை எடுத்துக்கொள்வார்கள். இன்ன நேரத்துக்கு இன்ன ஊர் போய்ச்சேர எந்த வண்டியில் ஏற வேண்டும் என்பது போன்ற ஒரு பிரச்னையை ஆசிரியர் முதலில் வகுப்போடு சேர்ந்து ஆங்கிலத்திலேயே பேசித் தீர்ப்பார். பிறகு அதே மாதிரியான மற்றொரு பிரச்னையை ஒவ்வொரு மாணவனும் தானே தீர்க்க வேண்டும். பார்க்கப்படுவது விடை சரியா என்பது. வகுப்பில் பாதிப் பேருக்காவது அந்த வேலையில் பாதியாவது கைகூடினால் அது ஏற்ற வேலை. கைகூடாவிட்டால் குறை வேலையில்தான் இருக்கிறது என்று கொண்டார்கள்.

நம் விஷயத்துக்கு மிகவும் பொருந்துவன இரண்டு அம்சங்கள். முதலாவது, மாணவனைப் பேசச் சொல்லி அவசரப்படுத்தவில்லை. கேட்டும் வாசித்தும் புரிந்துகொள்வதே முதலில் வளரும், பேச்சு அதன் பின்னால் தானே வரும் என்று காத்திருந்தார்கள். ஒற்றைச் சொல்லில் விடை சொன்னாலும் அது விடைதான். இரண்டாவது, பிழை திருத்திய விதம். மழலை பேசும் குழந்தையின் சொல்லைத் தாய் எப்படிச் சரியான வடிவத்தில் இயல்பாகத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே பேசிக்கொண்டு போகிறாளோ, அப்படியே ஆசிரியரும் பேச்சோடு பேச்சாகத் திருத்திவிட்டுப் பிரச்னையைத் தொடர்ந்தார். பிழையை நிறுத்திப் பிடித்து, கரும்பலகையில் எழுதி, விதி சொல்லி விளக்கவில்லை. 1985இல் ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் என்னும் இருவர் இந்தப் பரிசோதனையை மதிப்பிட்டு, அதன் அமைப்பில் இருந்த குறைகளையும் எடுத்துச் சொல்லி, பலன்கள் பொதுவாக அதற்கு அனுகூலமாகவே இருந்தன என்று எழுதினார்கள்.

இவ்வளவும் நம் கண்முன் நடந்திருக்க, இந்த முறை பள்ளிகளில் ஏன் வேரூன்றவில்லை? பரீட்சை ஒரு காரணம்: எழுத்துக்குத் தொண்ணூறும் பேச்சுக்குச் சொற்பமும் என்ற நிலையில் எந்தப் பள்ளியும் பேச்சுக்குக் காலம் ஒதுக்காது. அதைவிட ஆழமான காரணம் ஆசிரியரின் பயம். அவரும் அதே கரும்பலகைக்கு முன்னால் வாய் பொத்தி வளர்ந்தவர். மனப்பாடமான பாடத்தைச் சொல்லும்போது பத்திரமாக உணர்கிறவர், முன்கூட்டி அறியாத ஒரு சம்பாஷணையில் மாணவர்களோடு ஆங்கிலத்தில் இறங்க அஞ்சுகிறார். மாணவனின் பயத்தைப் போக்குவதற்காகச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு ஆசிரியரின் பயத்தைப் போக்கவும் செலவாக வேண்டும். 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு இடம் தந்திருப்பது நல்ல காரியம். ஆனால் கணினித் திரைக்கு முன் பெறும் பயிற்சியில் கேட்பவர் என்று ஒருவர் இல்லை, கேட்பவரோ இந்த நோயின் மூலகாரணம். முப்பது நாளில் சரளமாகப் பேசலாம் என்று அம்பத்தூர் ஓ.டி.யிலும் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு அருகிலும் பலகை மாட்டிக் காசு வாங்குபவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே போகிற பிள்ளைகள் பரிகாசத்துக்குப் பயப்படாமல் பேச நாலு அந்நிய முகங்கள் கிடைக்கும் என்றுதான் போகிறார்கள். அது கிடைத்த இடத்தில் பலனும் கிடைக்கிறது.

அந்த நாலு முகங்களைக் கல்லூரியே கொடுக்க முடியும். முதலாண்டு ஆங்கில ஆய்வகத்தில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு தனித்தனிக் கூண்டுகளில் உட்காருவதற்குப் பதிலாக, ஆவடி வழியாக ஓடும் மின்சார ரயில்களின் கால அட்டவணையை நாலு பேருக்கு ஒன்றாகக் கொடுத்து, திருநின்றவூரில் இருப்பவனும் வில்லிவாக்கத்தில் இருப்பவனும் காலை ஒன்பது மணிக்குள் பட்டரவாக்கத்தில் சந்திக்க வேண்டுமானால் யார் எந்த வண்டியில் ஏறுவது என்று கேட்கலாம். இயந்திரவியல் மாணவர்களிடம், தகப்பனார் வேலை செய்யும் பட்டறையில் ஒரு வேலைப்பாடு எப்படி நடக்கிறது என்று, கையாலும் படத்தாலும் காட்டிக்கொண்டே சொல்லச் சொல்லலாம். ஆங்கிலச் சொல் அகப்படாத இடத்தில் தமிழ்ச் சொல்லைப் போட்டுக்கொண்டு மேலே போகட்டும். அந்த இடைவெளிகள் நாளடைவில் தாமே நிரம்பும். முதல் பருவத்தில் இதற்கு மதிப்பெண் எதுவும் வேண்டாம்.

கேட்பவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. அமெரிக்கப் பள்ளிகளின் விஞ்ஞான வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து 1970களில் ஆராய்ந்த மேரி பட் ரோ என்பவர், கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகச் சராசரியாக ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருக்கிறார் என்று கண்டார். அதை மூன்று விநாடி ஆக்கியதும் விடைகள் நீண்டன, விடை சொல்ல முன்வருகிறவர்களின் தொகையும் கூடியது. அது தாய்மொழியிலேயே நடந்த வகுப்பு. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் கோக்க வேண்டியவனுக்கு அதனினும் அதிக அவகாசம் தேவை. நேர்காணல் நடத்த வருகிறவர்கள் அந்த அவகாசத்தைக் கொடுக்கலாம். எடுத்த எடுப்பில் அவனுடைய சுயசரிதத்தைக் கேளாமல், அவன் செய்த ப்ராஜெக்டை மேஜைமேல் வைக்கச் சொல்லி, எந்த இடத்தில் அது வேலை செய்ய மறுத்தது, நீ என்ன செய்தாய் என்று கேட்கலாம். ஆட்களைத் தேர்ந்தெடுக்க வரும்படி கம்பெனிகளுக்கு ஆண்டுதோறும் கடிதம் எழுதுகிற பிளேஸ்மென்ட் அதிகாரிகள், சம்பளம் எவ்வளவு, எத்தனை சுற்று என்றெல்லாம் விசாரிக்கிற அதே கடிதத்தில், முதல் ஐந்து நிமிஷம் மாணவர் தம் கையால் செய்த வேலையைப் பற்றியே பேச்சு நடக்கட்டும் என்று ஒரு வரி சேர்த்து, இந்த ஆண்டிலேயே கேட்டுப் பார்க்க வேண்டும்.